காயலான் கடை ஏவோ மீட்டர்: அடையாளம் காண்பதும் மீட்டெடுப்பதும்

பழைய மின் அளவைக் கருவிகள் மேல் ஆசை வந்தவர்கள் முதலில் தேடுவது ஸ்க்ரூடிரைவரைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் மீட்டரைத் திறந்ததும் தூசி போகட்டும் என்று கம்ப்ரசர் காற்றை ஒரு தடவை அடித்தேன். ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த முள் அரை நொடியில் வளைந்துபோனது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் திறக்கும் வேலை கொஞ்சம் தாமதமாக வரும். அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

பயிற்சிக்கு ஏவோ என்ற பழைய பிரிட்டிஷ் முள் மல்டிமீட்டரின் மாடல் 8-ஐ எடுத்துக்கொள்கிறேன். பெரிய உடம்பு, உள்ளே கை நுழைக்க இடம், கெட்டுப்போன இன்னொன்றிலிருந்து பாகம் கழற்றிப் போடலாம். இதில் கை பழகினால் சிம்ப்சன் 260, பழைய சான்வா, நாசிக்கில் செய்த மோட்வானே என எந்த முள் மீட்டரையும் தைரியமாகத் தொடலாம். கடைசியில், ஒயர்களின் மின்காப்பை (இன்சுலேஷன்) அளக்கும் கைப்பிடி சுழற்றும் மெக்கரைப் பற்றியும் சொல்கிறேன். காயலான் கடையில் அடிக்கடி கண்ணில் படுவது அதுதான்.

முதலில் இது என்ன, எந்த வருடத்தது?

லண்டனில் தபால் துறைப் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி, ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனி மீட்டர்களைச் சுமந்து அலுத்துப்போய் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். அது 1923-இல் விற்பனைக்கு வந்தது. ஆம்ப், வோல்ட், ஓம் மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்ததே ஏவோ. அந்த முதல் மீட்டர் டிசி மட்டுமே அளக்கும். மாடல் 7 வந்தது 1936-இல், மாடல் 8 வந்தது 1951-இல். மாடல் 8-ஐ மார்க் 1, மார்க் 2 என்று திருத்தித் திருத்தி மார்க் 7 வரை கொண்டுபோய், 2008-இல்தான் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க முகப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பெயர்ப் பகுதி. மாடல் எண்ணும் மார்க் எண்ணும் பெரும்பாலும் அங்கேயே அச்சிட்டிருக்கும். அழிந்திருந்தால் சுவிட்சைச் சுற்றியுள்ள எண்களைப் பாருங்கள். மாடல் 8-இன் முந்தைய மார்க்குகளில் 2.5, 10, 25, 100, 250 என்று வரும். பிந்தைய மார்க்குகளில் 3, 10, 30, 100, 300 என்று மாறிவிடும். ‘÷2’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அது மாடல் 8 அல்ல, பெரும்பாலும் மாடல் 7.

இரண்டு, வரிசை எண். நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் அதற்குப் பின் மூன்று அல்லது நான்கு இலக்கங்களும் இருந்தால் அந்தக் கடைசி இலக்கங்கள் மாதமும் வருடமும். 954 என்றால் 1954 செப்டம்பர். 1263 என்றால் 1963 டிசம்பர். விற்பவர் “வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு சார்” என்று விலையை ஏற்றும்போது இந்த எண்ணைப் படித்துக் காட்டலாம். 1947-க்குப் பிறகு வந்த மாடல் அது என்பதை நாசூக்காகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஓம் என்ற குறிப்பு. மாடல் 8-இல் டிசிக்கு 20,000. அதாவது முள் கடைசி வரை போக 50 மைக்ரோ ஆம்பியர் போதும். மாடல் 7-இல் இது 500 மட்டுமே, பொத்தானை அழுத்தினால் 1,000. இந்த எண் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

முகப்பில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் ராணுவச் சரக்கு. இங்கே ஓர் எச்சரிக்கை. சில பழைய ராணுவக் கருவிகளில் இருட்டில் தெரிவதற்காக எண்களின் மேல் ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். எண்கள் தடிமனான பழுப்பு மஞ்சள் பூச்சோடு இருந்தால் அதைத் திறக்க வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். வாங்காமல் நகர்ந்துவிடுவது உத்தமம்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

மீட்டரை மேசைமேல் படுக்கவையுங்கள். இதன் துல்லியமெல்லாம் படுக்கவைத்த நிலையில்தான். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா? கொஞ்சம் தள்ளி நின்றால் கவலையில்லை, முகப்பில் உள்ள சிறு திருகு அதற்காகத்தான். அப்புறம் மெதுவாக இடவலமாகச் சாயுங்கள். முள் லேசாக ஆடித் தானாகத் திரும்பி வர வேண்டும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மட்டும் விடுபட்டால், முள்ளை நகர்த்தும் சுருள் திரும்புகிற காந்த இடைவெளிக்குள் இரும்புத் துகள் இருக்கிறது. அது சரிசெய்யக்கூடியது, ஆனால் முதல் மீட்டராக அது வேண்டாம். முள் அசையவே அசையாமல் எங்கோ சரிந்து கிடந்தால் சுருளின் ஊசிமுனையோ நுண்ணிய சுருள்வில்லோ போயிருக்கும். பாகத்துக்காக மட்டுமே வாங்கலாம்.

இனி முக்கியமான விஷயம். ஏவோவில் ‘கட்-அவுட்’ என்ற இயந்திர அமைப்பு ஒன்று உண்டு. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து முள் எல்லையில் மோதினால் சட்டென்று ஒரு பொத்தான் வெளியே துள்ளும், சுற்று அறுந்துவிடும். அதை மறுபடி அழுத்தினால்தான் மீட்டர் வேலை செய்யும். கீழே போட்டாலும் சில நேரம் துள்ளிவிடும். இது தெரியாதவர் கையில் மீட்டர் செத்துப்போனது போலத்தான் தெரியும். என்னிடம் இருக்கும் மார்க் 3 அப்படி ‘செத்து’ வந்ததுதான். பழைய இரும்புபோல எடைபோட்டு விலை கொடுத்து வாங்கி, பொத்தானை அழுத்தினேன், எழுந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா நாளும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனாலும் முதலில் பொத்தானைப் பாருங்கள்.

திறக்காமல் செய்யும் முதல் சோதனை

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பழைய மீட்டரின் சுருள் நல்லா இருக்கிறதா என்று டிஜிட்டல் மீட்டரின் ஓம் வரிசையில் (ரேஞ்சில்) வைத்துப் பார்ப்பது. பல டிஜிட்டல் மீட்டர்கள் தாழ்ந்த ஓம் வரிசையில் ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் விடும். 50 மைக்ரோ ஆம்பியருக்குச் செய்த சுருளுக்கு அது இருபது மடங்கு. முள் பறந்து போய் முட்டும்.

இதற்குப் பதிலாக ஒரு 1.5 வோல்ட் செல்லும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தொடராக இணைத்து, மீட்டரை டிசி 50 மைக்ரோ ஆம்பியரில் வைத்துத் தொடுங்கள். சுமார் 15 மைக்ரோ ஆம்பியர் பாயும். நூறு பிரிவுள்ள அளவுகோலில் முள் முப்பதை ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. சுருள், காந்தம், கட்-அவுட், சுவிட்சின் ஒரு நிலை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. முள் பின்னோக்கி நகர்ந்தால் செல்லைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது ‘ரெவ் எம்.சி.’ என்ற திசை மாற்றும் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது.

ஒன்றுமே அசையாவிட்டால் இரண்டு சுவிட்சுகளையும் கோடி முதல் கோடி வரை இருபது முப்பது தடவை திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். வருடக்கணக்கில் அசையாத தொடுமுனைகளில் படிந்த களிம்பு இந்தத் தேய்ப்பிலேயே பாதி போய்விடும். மாடல் 8-இல் ஒரு சுவிட்ச் டிசிக்கு, இன்னொன்று ஏசிக்கு. ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றதை அதற்குரிய நிலையில் வைக்காவிட்டால் மீட்டர் பேசாது. இதிலும் பலர் ஏமாறுகிறார்கள்.

பேட்டரி அறை

உள்ளே இரண்டு மின்கலங்கள் இருக்கும். ஒன்று பெரிய டார்ச் செல், 1.5 வோல்ட். மற்றொன்று சிறிய 15 வோல்ட் பேட்டரி. இரண்டும் ஓம் அளக்க மட்டுமே. வோல்ட்டும் ஆம்பியரும் பேட்டரி இல்லாமலே காட்டும். எனவே பேட்டரி அறை நாறிக் கிடந்தாலும் மீட்டரை ஒதுக்கிவிடாதீர்கள்.

செல் கசிந்திருந்தால் எது கசிந்தது என்று பாருங்கள். பழைய சாதாரணத் துத்தநாக செல் என்றால் கசிவு அமிலத்தன்மை உடையது. சமையல் சோடாவை நீரில் கரைத்து, பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். அல்கலைன் செல் என்றால் நேர்மாறு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். எல்லாவற்றுக்கும் எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமிலத்தின்மேல் அமிலம் ஊற்றி என்ன பயன்? துடைத்த பிறகு சுத்தமான நீர், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிறகு ஒரு நாள் காயவிடுங்கள். நீர் சொட்டக் கூடாது. ஈரப்பஞ்சு மட்டும்தான்.

அந்தப் பழைய 15 வோல்ட் பேட்டரி கடைகளில் எளிதில் கிடைக்காது. சிஆர் 2032 நாணய செல் ஐந்தை அடுக்கினால் 15 வோல்ட். சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரு முனையிலும் பித்தளைத் தகடு வைத்தால் கச்சிதமாக உட்காரும். சேவிங்ஸ் கணக்குபோல வருடக்கணக்கில் வரும், ஏனென்றால் அது கொடுக்க வேண்டிய மின்னோட்டம் மிகச் சொற்பம். வேலை நடக்கும்போது அந்த நாணய செல்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது திறக்கலாம்

திருகுகள் இருக்கும் இடம் மார்க்குக்கு மார்க் மாறும். சிலவற்றின் தலை அரக்கு வைத்து மூடியிருக்கும். சரியான அகலமுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் தலை பிய்ந்துவிடும். இவை மெட்ரிக் திருகுகள் அல்ல, பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. 4 பி.ஏ. என்பது 3.6 மில்லிமீட்டர், 6 பி.ஏ. என்பது 2.8. காணாமல் போன 6 பி.ஏ. திருகுக்குப் பதில் 3 மில்லிமீட்டர் திருகை முறுக்கி ஏற்றினால் புரி நாசம். திருகுகளைக் கழற்றும் வரிசையிலேயே ஓர் அட்டையில் படம் வரைந்து குத்திவையுங்கள்.

வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். மேசையில் இரும்புத் தூள் இருக்கக் கூடாது. முதல் நாள் அதே மேசையில் ஹேக்ஸா ஓட்டியிருந்தால் இடத்தை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். திறந்தவுடன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள்.

எதைத் தொடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காந்தத்தை அதன் இரும்புத் துண்டுகளிலிருந்து பிரிக்காதீர்கள். பழைய காந்தங்கள் அப்படிப் பிரித்தால் வலு இழக்கும், பிறகு எல்லா வரிசையும் குறைத்துக் காட்டும். சுருள்வில்லை விரலால் தொடாதீர்கள். அச்சின் ஊசிமுனையும் கல்லும் சேரும் இடத்தில் எண்ணெய் விடாதீர்கள். கடிகாரக் கடைக்காரர் விடுகிறாரே என்று கேட்பீர்கள். மீட்டரில் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கும், அவ்வளவுதான்.

தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை போதும். காந்த இடைவெளியில் துகள் தெரிந்தால், கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சியின் நுனியில் ஒட்டும் டேப்பைப் பசை வெளியே தெரியச் சுற்றி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மெல்ல ஒற்றி எடுங்கள். ஊதாதீர்கள். என் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

சுவிட்ச் தொடுமுனைகளுக்கு உப்புத்தாள் வேண்டாம். மேற்பூச்சு போய்விடும். காண்டாக்ட் கிளீனரைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். நேராக ஸ்பிரே அடித்தால் அது முள் பக்கம் போய்ச் சேரும். துருவுக்கு அடிக்கிற பொதுவான எண்ணெய் ஸ்பிரேயும் இங்கே ஆகாது.

பேக்லைட் மேற்பரப்பு மங்கியிருந்தால் துளி பிராசோவை மென்துணியில் தொட்டுத் தேய்க்கலாம். எழுத்துகள் நிரப்பிய பள்ளங்களை விட்டுவிடுங்கள். கண்ணாடியை உலர்ந்த துணியால் வேகமாகத் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி முள் ஒரு பக்கம் இழுக்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். வாயால் ஒரு தடவை ஆவி விட்டால் சரியாகும்.

பிழை எங்கே என்று எண்களே சொல்லும்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு மாற்றக்கூடிய டிசி பவர் சப்ளையும் நம்பகமான டிஜிட்டல் மீட்டரும் வேண்டும். ஏவோவை 10 வோல்ட்டில் வைத்து 2, 4, 6, 8, 10 என்று ஐந்து இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள். அடுத்த வரிசைக்குப் போங்கள். எழுதியதைப் பார்த்தாலே நோய் தெரியும்.

எல்லா வரிசையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டினால் குறை காந்தம் அல்லது சுருள் பக்கம். தனித்தனி ரெசிஸ்டர்களைக் குறைசொல்ல வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வோல்ட் வரிசையிலிருந்து மேலே எல்லாம் தவறாக இருந்தால், வோல்ட் ரெசிஸ்டர்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் அந்தப் படியில் சேரும் ரெசிஸ்டர்தான் மாறியிருக்கிறது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும், அதனால் முள் குறைத்துக் காட்டும். தாழ்ந்த பாதியில் மட்டும் பிழை என்றால் பூஜ்யத்தையும் முள்ளின் சமநிலையையும் பாருங்கள். தட்டினால் மாறும் பிழை என்றால் சுவிட்ச் அல்லது விட்டுப்போன ஈயப்பற்று. டிசி எல்லாம் சரி, ஏசி மட்டும் குறைகிறது என்றால், ஏசியை டிசியாக மாற்றித் தரும் ரெக்டிஃபையரைச் சந்தேகியுங்கள். மாற்று ரெக்டிஃபையர் போட்டால் தாழ்ந்த ஏசி வரிசையின் அளவுகோல் பொருந்தாமல் போகலாம். அதை நான் கடைசி வரை தள்ளிப்போடுவேன்.

டிசியில் ஓரிரு சதவீதப் பிழை என்றால் விட்டுவிடுங்கள். புதிதாக இருந்தபோதும் அதன் தரம் அவ்வளவுதான். 0.3 சதவீதத்தை 0.1 ஆக்கப் போய் நல்ல ரெசிஸ்டரைச் சுட்டுப் பொசுக்கியவர்கள் உண்டு.

டிஜிட்டலோடு ஒப்பிடும்போது பவர் சப்ளையில் நேரடியாக அளக்க வேண்டும். 10 வோல்ட்டை இரண்டு 200 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பிரித்து நடுவில் அளந்து பாருங்கள். கணக்குப்படி 5 வோல்ட். டிஜிட்டல் 4.95 காட்டும். ஏவோ தன் 10 வோல்ட் வரிசையில், வோல்ட்டுக்கு 20,000 ஓம் வீதம், 200 கிலோ ஓம் சுமையாகச் சேருவதால் 3.3 காட்டும். இரண்டும் பொய் சொல்லவில்லை. பழைய வால்வு ரேடியோக்களின் சுற்றுப்படத்தில் எந்த மீட்டரால் அளந்தது என்று எழுதியிருப்பது இதனால்தான். அந்த ரேடியோக்களைப் பழுது பார்க்க ஏவோ இன்னும் பொருத்தமாக இருப்பதும் இதனால்தான்.

இன்னும் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓம் வரிசையில் கறுப்பு ஒயர்தான் பாசிட்டிவ். டயோடு பார்க்கும்போது குழப்பும். ஏசியில் இது சைன் அலைக்கு மட்டுமே சரி, மலிவான இன்வெர்ட்டரின் கட்ட அலைக்குத் தவறாகத்தான் காட்டும்.

கைப்பிடி மெக்கர்

லண்டனின் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் நிறுவனம் 1903-இல் பதிவு செய்த பெயர் மெக்கர். பின்னாளில் ஏவோவும் மெக்கரும் டோவர் நகரில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. மர அல்லது பேக்லைட் பெட்டி, பக்கத்தில் மடக்கும் கைப்பிடி. உள்ளே சிறு ஜெனரேட்டர். பெரும்பாலானவை 500 வோல்ட் தரும்.

இதை வாங்கப் போகிறவர் முதலில் பயப்படுவது, முள் பூஜ்யத்தில் இல்லாமல் கண்ட இடத்தில் நிற்பதைப் பார்த்து. அது நோயே அல்ல. இதில் முள்ளை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில் கிடையாது. இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி முள்ளை நிறுத்துகின்றன. சுழற்றாதபோது முள் மிதக்கும். சுழற்றினால், முனைகள் திறந்திருக்கும்போது முடிவிலியிலும், சேர்த்துப் பிடித்தால் பூஜ்யத்திலும் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 160 சுற்று வாக்கில் சுழற்றினால் நழுவு கிளட்ச் உள்ளவற்றில் கை லேசாக நழுவுவது தெரியும்.

முடிவிலிக்குப் போகாவிட்டால் பெரும்பாலும் ஈரம். நம் ஊர் மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் ஏறி, தன் சொந்தக் காப்பையே அது அளந்துகொண்டிருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். அடுத்தது ரப்பர் ஒயர். விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால் சிலிக்கான் ஒயராக மாற்றுங்கள். நடுவில் எங்காவது சரிபார்க்க, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் பத்தைத் தொடராகப் பற்றவைத்து ஒரு மெகா ஓம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 50 வோல்ட்தான் விழும், கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும்.

சுழற்றும்போது முனைகளைத் தொடாதீர்கள். நீளமான கேபிளை மெக்கர் செய்தால் அதில் மின்னேற்றம் தங்கும், அளந்தவுடன் முனைகளை இணைத்து அதை இறக்கிவிட வேண்டும். எல்இடி விளக்கு, டிவி, இன்வெர்ட்டர் இணைந்திருக்கும் லைனில் வைத்தால் அவை போய்விடும்.

எதற்குப் பயன்படுத்தலாம், எதற்கு வேண்டாம்

மீட்டெடுத்த ஏவோவில் 1000 வோல்ட், 2500 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம்பிவிடாதீர்கள். இன்றைய மீட்டர்களில் உள்ள பெருமின்னோட்ட ஃபியூஸ் வகையும் பாதுகாப்புத் தரமும் வராத காலத்துச் சரக்கு. ஆம்பியர் வரிசையில் வைத்தபடி மறதியாக மெயின் போர்டில் தொட்டால் கட்-அவுட் துள்ளுவதற்குள் கையில் நெருப்பு இருக்கும். பேட்டரிச் சுற்றுகள், பெஞ்சில் பவர் சப்ளையில் ஓடும் பலகைகள், ரேடியோவின் டிசி பகுதிகள் போதும். வீட்டு 230 வோல்ட்டுக்கும் மூன்று ஃபேஸ் பலகைக்கும் தரச் சான்றுள்ள புது மீட்டரை எடுங்கள்.

வேலை முடிந்து பீரோவில் வைக்கும்போது டிசி மின்னோட்ட வரிசையில் சுவிட்சை விட்டு, இரு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுங்கள். முள் ஆடினால் சுருளில் உண்டாகும் மின்னோட்டமே அதைப் பிடித்து நிறுத்தும். பஸ்ஸில் எடுத்துப்போனாலும் இதே முறைதான். பெரிய டார்ச் செல்லை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள், அடுத்த கசிவு அதிலிருந்துதான் வரும்.